ஆய்வின் கேள்வி யாருடையது? திருப்பூர் வட்டார ஆய்வுகள் பற்றி ஒரு திறனாய்வு

வளரும் நாடுகளின் நடைமுறைச் சிக்கல்களுக்குத் தீர்வு காணும் நோக்குடன் நடத்தப்பெறும் அறிவியல் ஆய்வுகளும் சமூகவியல் ஆய்வுகளும் நம் இறையியற் கல்விக்குள் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சமூகப் பகுப்பாய்வு நம் மாணாக்கர்க்கு ஒரு பாடம். அவர்கள் எழுதும் ஆய்வேடுகளில் ஓர் இயலாவது மாவட்டத்தின் தொழில், எழுத்தறிவு, சாதிப் பிரிவுகள் பற்றிய அட்டவணைகளால் நிரம்புகிறது. ஆயர்களும் 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று தொடங்கும் வாக்கியத்தைத் தங்கள் அருளுரைகளில் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இதில் ஒரு முரண்பாடு மறைந்துள்ளது. திருமறையின் ஒரு நூலை ஆராயப் புகும்போது, இதை எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எச்சூழலில் எழுதினார், யாருடைய குரல் இதில் கேட்கவில்லை என்றெல்லாம் வினவப் பழகியிருக்கிறோம். ஓர் ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் அவ்வினாக்களை ஒருபுறம் வைத்துவிட்டு, அதன் முடிவுகளை அப்படியே மேற்கோளாக்கிக்கொள்கிறோம்.

இப்பழக்கத்தைத் திருத்திக்கொள்ள ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி எழுந்த ஆய்வுகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது பயன்தரும். திருப்பூர் வட்டாரம் அதற்கு மிகவும் ஏற்றது. கடந்த நாற்பது ஆண்டுகளில் பொருளியலார், புவியியலார், மானிடவியலார், வேதியியலார், மண்ணியலார் எனப் பலதுறையினரும் அங்கே வந்து ஆராய்ந்துள்ளனர். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஓர் ஆய்வின் விடை அதன் கேள்வி எட்டும் தொலைவையே எட்டும் என்பதையும், அந்தத் தொலைவு கேள்வியைக் கேட்டவர் நின்ற இடத்தைப் பொறுத்தது என்பதையும் காட்டுவதே நோக்கம்.

1. ஊரும் சாலையும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமுருகன்பூண்டி. 2021-ஆம் ஆண்டு வரை பேரூராட்சியாக இருந்து பின்னர் நகராட்சியாயிற்று. நொய்யலில் சென்று கலக்கும் நல்லாறு இவ்வூரை ஒட்டி ஓடுகிறது. கொங்கு நாட்டின் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்று இங்கே இருக்கிறது. கற்சிற்பிகளின் உளியோசைக்கும் ஊர் பெயர்பெற்றது. பனியன் நகரம் பெருகப் பெருக, தொழிற்கூடங்களும் தொழிலாளர் குடியிருப்புகளும் இச்சாலை நெடுகிலும் பரவி இவ்வூரையும் தம்முள் சேர்த்துக்கொண்டன.

இத்தலத்தைப் பற்றிய சைவ மரபு ஒன்று நம் கவனத்திற்குரியது. சேரமான் பெருமாள் வழங்கிய பொருளுடன் திரும்பிக்கொண்டிருந்த சுந்தரர் இங்கே வேடர்களால் வழிப்பறிக்கு ஆளானார் என்பர். அவர் காவலரிடம் முறையிடவில்லை. வழிப்போக்கர் கொள்ளையிடப்படும் இவ்விடத்தில் நீர் ஏன் குடியிருக்கிறீர் என்று இறைவனையே கேட்டார். பறிகொடுத்தவர் கேள்வி கேட்கிறார். பொறுப்புள்ளவர் விடை சொல்லவேண்டியவராகிறார். இந்த ஒழுங்கு நமக்கு அந்நியமானதன்று. யோபுவும் புலம்பல் சங்கீதங்களும் இதே ஒழுங்கில் பேசுகின்றன. இக்கட்டுரைக்கு வேண்டிய அளவுகோலும் இதுவே.

இனி, சாலையைப் பற்றி ஒரு சொல். ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1970-களில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வுத் திட்டத்தில் பங்குபெற்றவர். 1983-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஊரக வளர்ச்சி பற்றிய நூலின் துணைத்தலைப்பு, கடைசியானவரை முதலில் வைப்பது என்று பொருள்படும். நற்செய்தியின் எதிரொலியை வாசகர் அதில் உடனே உணர்வர். நகரத்திலிருந்து வரும் ஆய்வாளர் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களையே காண்கின்றனர், ஆண்களிடமும் செல்வாக்குள்ளவர்களிடமுமே பேசுகின்றனர், பயணத்திற்கு எளிதான மழையற்ற மாதங்களிலேயே வருகின்றனர், ஆகையால் வறுமையின் கடுமையான பகுதி அவர்கள் கண்ணில் படுவதேயில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அவிநாசிச் சாலையில் பயணம் செய்பவர் எவரும் இதை மனத்திற்கொள்வது நல்லது. சாலையிலிருந்து தெரிவது ஏற்றுமதி நிறுவனத்தின் முகப்பு. நல்லாற்றின் நீரும் வரிசை வீடுகளின் வாடகையும் சாலையிலிருந்து தெரிவதில்லை.

2. நிறமும் உப்பும்

அறிவியல் ஆய்வு மக்களின் சிக்கல் ஒன்றைத் தீர்க்க முற்பட்டதற்குத் திருப்பூரில் நொய்யலே முதன்மையான சான்று. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. பின்னலாடை ஏற்றுமதி பெருகியதோடு சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-ஆம் ஆண்டு கட்டிமுடிக்கப்பட்ட அணை, பாசனத்திற்கென எழுந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையில் நீரைத் தேக்கவேண்டா என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது.

1990-களின் பிற்பகுதியில், நீதிமன்றத்தின் வற்புறுத்தலால், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டு, கழிவுநீரின் நிறத்தையும் அதில் மிதக்கும் கசடையும் படியவைப்பதே அவற்றின் வேலை. நீர் ஓரளவு தெளிந்தது. ஆனால் கிணறுகளின் உவர்ப்பு குறையவில்லை. காரணம் வேதியியலில் இருந்தது. பருத்தி இழையும் அதில் ஏற்றப்படும் சாயமும் நீரில் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன. அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையில் ஏறச்செய்யவே உப்பு இடப்படுகிறது. சாயத்தொட்டியின் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் பல பத்துக் கிராம் உப்பு வேண்டும். நிறம் ஆழமாக ஆழமாக உப்பும் கூடும். வேலை முடிந்தபின் அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. அனைத்தும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. கரைந்துள்ள உப்பைச் சுண்ணாம்பால் நீக்க முடியாது. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. சுத்திகரித்த பின்னரும் வெளிவந்த நீர் அவ்வெல்லையைப் பன்மடங்கு தாண்டியே நின்றது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உப்பு கரைந்தே செல்லும் என்பது பள்ளி மாணவனும் அறிந்த செய்தி, பொறியாளர் அறியாததன்று. எனினும் முதலில் கட்டப்பட்ட நிலையங்கள் நிறத்தை நீக்குவதையே பெரும்பணியாகக் கொண்டன. நிறம் பாலத்தின்மீது நின்று பார்ப்பவர் கண்ணை உறுத்துகிறது. உப்பு கீழ்ப்பகுதி உழவனின் கிணற்றிலும் நெற்பயிரின் வேரிலும் மட்டுமே தெரிகிறது. பாலத்தின்மீது நின்றவர் கேட்ட கேள்விக்கு முதல் நிலையங்கள் விடையளித்தன. உப்பைப் பற்றிய கேள்வியை முன்வைத்து விடாது தொடர்ந்தவர்கள் கீழ்ப்பகுதிப் பாசன உழவர்களே. அவர்களுடைய சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அதை உறுதிசெய்து, மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தரவேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. ஆணை நிறைவேறாமையால் 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச்செய்தது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாது, சவ்வூடு வடித்து நீரை மீட்டு, எஞ்சிய உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்துத் திடப்பொருளாக்கும் முறை இவ்வாறே திருப்பூருக்கு வந்தது. உப்பு நீரையே மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் வழியும் பின்னர் கண்டறியப்பட்டு நடைமுறைக்கு வந்தது. நாட்டின் வேறு பகுதிகளிலிருந்தும் இதைக் கண்டு கற்க வருகின்றனர். இது ஆய்வின் வெற்றி. ஆனால் கேள்வியை உழவர் கொடுத்ததால் பிறந்த வெற்றி.

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. கரைசலைக் கொதிக்கவைக்க விறகும் மின்சாரமும் வேண்டும். பிரித்தெடுத்த கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகக் குவிகின்றன. திருப்பூரில் பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களில் சாயமேற்றும் வேலையின் ஒரு பகுதி வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. அவ்வூர்க் கிணறுகளைப் பற்றி இவ்வழக்கில் எவரும் கேட்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மழையில் நொய்யலில் நுரை பொங்கியபோது, அது சாயக்கழிவா வீட்டுக் கழிவா என்பதே பெரிய வாதமாயிற்று.

இழப்பீட்டைப் பற்றிய ஆய்வுகளையும் இங்கேயே குறிப்பிடவேண்டும். சென்னையிலுள்ள 'மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்' நிறுவனத்திலிருந்து பால் அப்பாசாமியும் பிரகாஷ் நெல்லியாட்டும், நொய்யல் வடிநிலம் இழந்தவற்றைப் பண மதிப்பில் கணக்கிட்டனர். ஏற்றுமதியின் இலாபத்தில் ஒரு பங்கு உண்மையில் உழவர்மீதும் குடிநீருக்கு அலைந்த சிற்றூர்கள்மீதும் ஏற்றப்பட்ட செலவே என்பதை அவ்வகை ஆய்வுகள் வெளிப்படுத்தின. இப்பணி மதிக்கத்தக்கது. சூழலியல் இழப்பை மதிப்பிட மைய அரசு அமைத்த ஆணையமும் பாதிக்கப்பட்ட நிலங்களை அளந்து ஈட்டுத்தொகையை நிர்ணயித்தது. ஆனால் அத்தொகை நிலத்தின் பரப்பையும் அதன் உவர்ப்பையும் அடிப்படையாகக் கொண்டது. நிலம் உவரானபோது நடவும் களையெடுப்பும் இழந்த கூலியாளுக்குப் பரப்பு ஏது? அவர் பட்டா இல்லாதவர். ஆகையால் கணக்கிலும் இல்லாதவர். உழவர் கேட்ட கேள்வி சாலையில் நின்றவர் கேள்வியைவிட ஆழமானது. அதற்கும் கீழே இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

3. 'உழைப்பு' என்னும் சொல்

சமூகவியல் ஆய்வுகளுக்கு வருவோம். 1990-களில் திருப்பூர் உலகப் பொருளியலாரின் கவனத்தை ஈர்த்தது. பெருமுதலாளி எவரும் இன்றி, ஒன்றோடொன்று பின்னிய நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் ஓர் ஏற்றுமதி நகரத்தை எவ்வாறு எழுப்பின என்பதே அவர்களின் கேள்வி. பமேலா காவ்தோர்ன் இக்கேள்வியை ஆராய்ந்து 1995-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை பலராலும் எடுத்தாளப்பெற்றது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பத்மினி சுவாமிநாதனும் ஜெயரஞ்சனும் 1994-ஆம் ஆண்டிலேயே, இதை இத்தாலிய மாதிரித் தொழில் மாவட்டமாகக் கொண்டாடலாமா என்று ஐயம் எழுப்பியிருந்தனர். அந்த ஐயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். வெற்றிக்கு விளக்கம் தேடிப் புறப்படும் ஆய்வு, வெற்றி என்பதை ஏற்றுக்கொண்டே புறப்படுகிறது. வெற்றி யாருக்கு என்பது அதன் பிறகு கேட்கப்படும் கேள்வியாகிவிடுகிறது.

இவ்வரிசையில் ஆழமான நூல் ஷரத் சாரி எழுதி 2004-இல் வெளியான 'ஃபிரட்டர்னல் கேபிடல்' என்பதாகும். உடன்பிறப்புணர்வால் இணைந்த முதல் என்று இதன் தலைப்பைப் பொருள்கொள்ளலாம். கொங்கு வேளாளக் கவுண்டர்களுள் சிற்றுழவராக இருந்தோர் பனியன் கம்பெனிகளில் தொழிலாளராக நுழைந்து, பின்னர் கூட்டு முயற்சியால் உரிமையாளர் ஆன வரலாற்றை அவர் ஆராய்கிறார். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டபோது அவர்கள் மீண்டும் மீண்டும் சொன்ன சொல் 'உழைப்பு'. சாரியின் சிறப்பு, அச்சொல்லைப் பொய்யென்று தள்ளாமலும் மெய்யென்று வணங்காமலும் அதை ஆராய்ந்ததில் உள்ளது. தோட்டத்தில் பண்ணையாளை வேலை வாங்கிய முறை தையல் கூடத்திற்குள் எவ்வாறு இடம்பெயர்ந்தது, ஒரே சாதியினரும் ஒரே பாலினரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்த அவ்வுடன்பிறப்பு வட்டத்திற்குள் தலித்துகளும் பெண்களும் எவ்வாறு நுழைய முடியாமற்போயினர், ஏற்றுமதி பெருகியபோது பெண்களின் குறைந்த கூலி எவ்வாறு அதன் அடித்தளமாயிற்று என்பவற்றை அவர் விளக்குகிறார். 1984-ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தையும், அதன்பின் தொழில் மேலும் சிறு சிறு கூடங்களாகச் சிதறியதையும் அவர் விட்டுவிடவில்லை.

இந்நூலின்மீது எனக்கு ஒரு குறை உண்டு. உரிமையாளரின் தன்வரலாறே அதன் நடுநாயகமாக அமைந்துள்ளது. 'உழைப்பு' என்னும் அவர்களுடைய கூற்றை நூல் கேள்விக்குட்படுத்தினாலும், பேசுபவர் அவரே. தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண் பேசப்படுபவளாகவே பெரிதும் நிற்கிறாள். அவளும் உழைத்தாள், அவள் உரிமையாளர் ஆகவில்லை. 'உழைத்தவர் உயர்வார்' என்பது திருப்பூரின் நம்பிக்கை அறிக்கை எனலாம். நம் சபைகளிலும் அது ஏறத்தாழ அதே நிலையைப் பெற்றுவிட்டது. கட்டட நிதிக்குக் கொடுப்பவரின் உழைப்பைப் புகழ்ந்து சாட்சி கூறும் மேடையில், அவருடைய கூடத்தில் இரவுப்பணி பார்ப்பவரின் உழைப்புக்கு இடம் ஏது என்பதைச் சாரியின் நூலைக் கற்கும் ஆயர் தம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

4. தேநீர்க் குவளை

சாலையை விட்டு உள்ளே சென்ற ஆய்வுகளும் உண்டு. ஜூடித் ஹேயர் 1980-களின் தொடக்கத்தில் அன்றைய கோவை மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றை ஆராய்ந்து, பின்னர் 1990-களிலும் அதற்குப் பிறகும் அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்றார். ஒருமுறை வந்து மறையும் ஆய்வாளருக்கும் திரும்பி வருபவருக்கும் உள்ள வேறுபாடு, சுற்றுலா நற்செய்தியாளருக்கும் சபை ஆயருக்கும் உள்ள வேறுபாடு போன்றது. நிலத்தில் உழைக்கும் அருந்ததியர் குடும்பங்களுக்கு வளர்ச்சி எவ்வளவு மெதுவாகவும் எவ்வளவு குறைவாகவும் வந்துசேர்கிறது என்பதை இத்தகைய நீண்ட பார்வையே காட்ட முடியும்.

சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் இரண்டு ஊர்களை ஒப்பிட்டு 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இவ்வரிசையில் சிறப்பானது. அவர்கள் ஊர்ப்பெயர்களை மாற்றியே எழுதுகின்றனர். ஓர் ஊரில் விசைத்தறிகள் பெருகின. தலித் குடும்பங்கள் வயலை விட்டுத் தறிக்கூடம் புகுந்தன. ஆயினும் முன்பணம் வாங்கி அதை அடைக்க முடியாமல் அதே தறியுரிமையாளரிடம் கட்டுண்டன. உரிமையாளர் அதே ஊரின் கவுண்டர்கள். ஆகையால் பழைய சார்புநிலை புதிய உருவில் தொடர்ந்தது. மற்றோர் ஊரிலிருந்து தலித் இளைஞர்கள் நாள்தோறும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சென்று திரும்பினர். அவர்களுக்கு ஊர் நிலவுடைமையாளரின் தயவு தேவைப்படவில்லை. அந்த ஊரில் தனிக்குவளை முறை போன்ற தீண்டாமை வழக்கங்கள் தளர்ந்தன. முதல் ஊரில் அவை எளிதில் தளரவில்லை.

கிறித்தவ வாசகர்க்கு இக்கண்டுபிடிப்பு சற்றுக் கசப்பானது. தேநீர்க்கடையில் தனிக்குவளை மறைந்ததற்கு நம் அருளுரைகளைக் காட்டிலும் திருப்பூருக்குச் செல்லும் நகரப் பேருந்து அதிகம் உதவியிருக்கலாம். மனமாற்றத்தைப் பற்றிப் பேசும் நாம், மனம் மாறாதவரின் பிடியிலிருந்து வெளியேற ஒருவனுக்கு வேண்டிய வழிச்செலவைப் பற்றிப் பேசுவதில்லை. அதே நேரத்தில் இக்கட்டுரையின் முடிவை அளவுக்கு மீறி விரித்துவிடவும் கூடாது. கம்பெனி வாயிலில் சாதி மறைகிறது என்று அது கூறவில்லை. ஊரின் சார்புநிலை ஓரிடத்தில் அறுபட்டது, மற்றோரிடத்தில் முன்பணத்தால் மீண்டும் முடியப்பட்டது என்றே கூறுகிறது. ஒரே வட்டாரத்தின் ஒரே வளர்ச்சி, இரண்டு ஊர்களில் இரண்டு விளைவுகளைத் தந்தது. 'வளர்ச்சி நல்லதா கெட்டதா' என்று பொதுப்படக் கேட்டு மாணாக்கர் எழுதும் முடிவுரைகள் இதனால் பயனற்றுப்போகின்றன.

இக்கட்டுரையிலும் ஒரு குறையுண்டு. ஊர்ப்பெயரை மறைப்பது மக்களைக் காக்கும் நல்ல நெறி. ஆனால் பெயரற்ற ஊருக்கு ஆய்வு திரும்பிச் செல்வதும் அரிதாகிறது. முன்பணத்தின் கணக்கைத் தந்த குடும்பம், அந்தக் கணக்கிலிருந்து எழுந்த முடிவைத் தன் மொழியில் படிக்க வழியில்லாமல் ஆங்கில ஆய்விதழில் தங்கிவிடுகிறது.

5. சுமங்கலி

இறுதியாக, செயலைத் தூண்டும் நோக்குடனே எழுதப்பட்ட ஆய்வு. தமிழகத்தின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' முதலிய பெயர்களில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். ஆலை வளாகத்திற்குள்ளேயே விடுதி, நாட்கூலி குறைவு, ஒப்பந்தம் முடிந்தபின் திருமணச் செலவுக்கு என்று முப்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் ஒரு மொத்தத் தொகை. இடையில் நோயுற்று வெளியேறினால் அத்தொகை கிடைப்பது உறுதியன்று. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்னும் ஆய்வு நிறுவனமும் இந்தியாவுக்கான நெதர்லாந்துக் குழுவும் 2011-ஆம் ஆண்டும், மீண்டும் 2014-ஆம் ஆண்டும் இதைப் பற்றி வெளியிட்ட அறிக்கைகள் ஐரோப்பிய விற்பனையாளர்களை உலுக்கின. வெளியே செல்ல இயலாமை, மிகைநேர வேலை, பெண்களுள் பெரும் பகுதியினர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தோர் என்பது ஆகியவை உலகின்முன் வைக்கப்பட்டன.

இவ்வறிக்கைகளின் துணிவைப் பாராட்டவேண்டும். அவற்றின் எல்லையையும் கூறவேண்டும். அவை யாரை நோக்கி எழுதப்பட்டன? பெயர்பெற்ற துணிநிறுவனங்களை நோக்கி. ஆகையால் தீர்வும் அவர்கள் கையில் உள்ளதாகவே அமைந்தது: ஆலைகளைச் சோதித்தல், விதிமுறை வகுத்தல், கொள்முதலுக்கு நிபந்தனை இடுதல். வரதட்சணை அவற்றில் பின்னணியாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் பரிந்துரைகளின் கை அங்கே நீளவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து எழுதுபவர் தமிழ்த் தந்தையிடம் 'உம் மகளின் திருமணத்திற்கு எதற்காக ஐம்பதாயிரம்?' என்று கேட்க முடியாது. அவ்வினாவைக் கேட்கும் உரிமையும் கடமையும் உள்ளவர்கள், திருமண அறிவிப்பை ஆலயத்தில் படிப்பவர்கள். நகையும் ரொக்கமும் பேசி முடிக்கப்பட்டதை அறிந்தும் மோதிரத்தை ஆசீர்வதிப்பவர்கள். ஆலையின் மதிலை அயல்நாட்டு அறிக்கை அடையாளம் காட்டிவிட்டது. அந்த மதிலுக்குள் பெண்ணை அனுப்பிவைக்கும் திருமணச் சந்தையை நம் சபைகளின் திருமணப் பதிவேடு நன்கு அறியும். அதை ஆராய்ந்து எழுத வேறு யாரும் வரமாட்டார்கள்.

இதே நோக்கில் இன்னொன்றையும் சொல்லலாம். திருப்பூரின் தையல் கூடங்களிலும் திருமுருகன்பூண்டி போன்ற புறநகர்களின் வரிசை வீடுகளிலும் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்திரளாக வாழ்கின்றனர். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது அச்சத்தால் பலர் ஊர் திரும்பினர். பொய்ச்செய்தி இவ்வளவு எளிதில் நம்பப்பட்டதே, அவர்களுக்கும் ஊராருக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டிற்று. அவர்களைப் பற்றி எண்ணிக்கைகள் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்வி எது என்பது தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

6. ஆய்வைக் கற்பிக்கும் முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று வினாக்கள் கிடைக்கின்றன. ஓர் ஆய்வைப் படிக்கும் மாணாக்கர் இவற்றைத் தவறாது கேட்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதலாவது, கேள்வியை யார் எழுப்பினார்? நிறத்தை நீக்கிய நிலையமும் உப்பை நீக்கிய நிலையமும் வெவ்வேறு மனிதர்களின் கேள்விகளுக்குப் பிறந்த விடைகள். இரண்டாவது, யார் எண்ணப்படவில்லை? நிலத்தை அளந்த கணக்கில் நிலமற்றவர் விடுபட்டார். உரிமையாளரின் உழைப்பை ஆராய்ந்த நூலில் தொழிலாளியின் குரல் தாழ்ந்தது. மூன்றாவது, விடை யாரிடம் திரும்பிச் சென்றது? நீதிமன்றத்திற்கா, ஐரோப்பியக் கடைக்கா, பல்கலைக்கழக நூலகத்திற்கா, அல்லது செய்தியைத் தந்தவரின் வீட்டிற்கா?

'இவ்வளவு குறை கூறும் நீர் புதிய ஆய்வு முறை ஒன்றைத் தருகிறீரா?' என்று கேட்கலாம். புதிய முறை ஏதும் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பல்கலைக்கழகத்தாரிடம் இல்லாத இரண்டு வசதிகள் நம்மிடம் உள்ளன. ஒன்று, ஆயர் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார். மழைக்காலத்திலும் இரவுப்பணி முடியும் வேளையிலும் அங்கேயே இருக்கிறார். மற்றொன்று, வீடு சந்திக்கச் செல்லும் அவரை மக்கள் உள்ளே அழைத்து அமர்த்துகின்றனர். வினாத்தாளுடன் வருபவருக்குச் சொல்லாததைச் சொல்கின்றனர். இவ்விரு வசதிகளையும் பெற்றவர் எண்ணிக்கையின் துல்லியத்தில் வேதியியலாரோடு போட்டியிட வேண்டியதில்லை. எண்ணப்படாதவர் யார் என்பதை அவர் பெயர் சொல்லி அறிவார். அதை ஒழுங்காகக் குறித்துவைத்து, சொன்னவர்களிடமே படித்துக்காட்டி, அவர்கள் திருத்தியபின் எழுதினால், அதுவே நல்ல ஆய்வின் தொடக்கம்.

இதற்கு ஓர் இடையூறும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. எண்ணப்படாதவரைப் பெயர் சொல்லி அறியும் அதே ஆயரே எண்ணியவரிடம் காணிக்கை பெறுகிறார். சாயப்பட்டறையின் உரிமையாளரும் அதன் கழிவால் கிணற்றை இழந்தவரும் ஒரே சபையின் உறுப்பினராக இருக்கக்கூடும். வரதட்சணை கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிடுகின்றனர். பல்கலைக்கழக ஆய்வாளர் தம் முடிவை வெளியிட்டுவிட்டு ஊரை விட்டுச் சென்றுவிடலாம். ஆயர் அடுத்த ஞாயிறும் அதே பீடத்தில் நிற்கவேண்டும். ஆகையால் அவர் எழுதும் ஆய்வுக்கு ஆகும் விலை மற்றெல்லா ஆய்வுகளின் விலையினும் மிகுதி. அவ்விலையைத் தரத் துணிவில்லாதபோதுதான் அயலார் எழுதிய அட்டவணைகளை மேற்கோள் காட்டுவது நமக்கு இத்துணை வசதியாக இருக்கிறது.

நம் கல்லூரிகளின் ஆய்வேடுகள் இனி இவ்விடத்திலிருந்து தொடங்கட்டும். திருப்பூர் வட்டாரத்திலிருந்து வந்து பயிலும் மாணாக்கர் ஒருவர், இரண்டாம் இயலை நிரப்ப மாவட்டப் புள்ளிவிவரத்தைத் தேடுமுன், தம் ஊர்க் கூலிக்காரர் ஒருவரிடம் 'இந்த ஆற்றைப் பற்றி உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டார்களா?' என்று வினவட்டும். அதற்குக் கிடைக்கும் விடையை முதல் இயலாக எழுதட்டும். அட்டவணைகள் அதன் பின்னர் வரலாம்.